மும்முறை முடிசூடிய லீலாவதி தேவியார்

அரசியின் வாழ்வு என்றவுடன் நம் மனத்தில் எழுவது மணிமுடியும் பட்டாடையும் பணிப்பெண்டிரும் சூழ்ந்த இன்ப வாழ்வேயாகும். கூத்தும் நாடகமும் திரைப்படமும் அவ்வோவியத்தையே நமக்குத் தீட்டிக் காட்டியுள்ளன. இடைக்காலத்து முடியாட்சிகளில் அரசிக்கு உண்மையில் இருந்த மதிப்பு யாது? அம்மதிப்பு அவருக்கே உரியதா? அன்றி, அவர் பிறந்த குலத்திற்கும் அவரை மணந்த மன்னனுக்கும் உரியதா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் ஈழத்துப் பொலன்னறுவையில் 1197 முதல் 1212 வரையுள்ள பதினைந்து ஆண்டுகளுக்குள் மும்முறை அரியணை ஏற்றப்பெற்று, மும்முறையும் அதனின்று இறக்கப்பெற்ற லீலாவதி தேவியாரின் வரலாற்றை அறிதல் நலம்.

திலக் நகரிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம் அன்பர்களுக்கு இவ்வரலாறு இரு வகையால் நெருங்கியது. லீலாவதியார் பௌத்த அரசி. அவருடைய பாட்டனாரோ பாண்டிய நாட்டு அரசகுமாரர். இஃது ஒன்று. பிறப்பினால் ஒருவரை உயர்த்துவதும் பிறப்பினால் ஒருவரைத் தாழ்த்துவதும் ஒரே நெறியின் இரு முகங்கள் என்பதை அவர் வாழ்வு நமக்குத் தெளிவுறக் காட்டுகின்றது. இஃது இரண்டாவது. தாழ்த்தப்பட்டோரின் துயரை நாம் அறிவோம். பிறப்பின் பெயரால் உயர்த்தப்பட்ட ஒருவர் எய்திய நிலையையும் இப்பொழுது காண்போம்.

பிறந்த குலம்

லீலாவதியாரின் குலவரலாறு ஈழத்தில் சோழர் ஆட்சி முடிவுற்ற காலத்தோடு தொடங்குகிறது. 993ஆம் ஆண்டளவில் சோழப்படை ஈழத்தின் வடபகுதியைக் கைக்கொண்டது. பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டது. 1070இல் முதலாம் விஜயபாகு மன்னன் சோழரை அகற்றி அந்நகரையே தன் தலைநகராக்கிக் கொண்டான். அவனுக்கு மித்தா என்னும் தங்கையார் ஒருவர் இருந்தார். சோழ மன்னன் அவரை மணம் வேண்டினான் என்றும், விஜயபாகு அதற்கு இசையாமல் பாண்டிய அரசகுமாரர் ஒருவருக்கு மணம் முடித்தான் என்றும் ஈழத்து வமிச நூலாகிய சூளவம்சம் கூறுகின்றது. சோழருக்குப் பகைவர் பாண்டியர். ஆகவே பாண்டியர் விஜயபாகுவுக்கு நண்பராயினர். அத்திருமணம் இரு நாடுகளுக்கிடையே எழுதப்பட்ட உடன்படிக்கை போன்றது. அவ்வுடன்படிக்கையின் ஓலையாக அமைந்தவர் மித்தா. அவருடைய விருப்பத்தைப் பற்றி வமிச நூல் ஒரு சொல்லும் கூறவில்லை.

மித்தாவுக்கு மானாபரணன், கீர்த்திஸ்ரீமேகன், ஸ்ரீவல்லபன் என மைந்தர் மூவர். மூத்தவனாகிய மானாபரணன், விஜயபாகுவின் மகளார் ரத்னாவலியை மணந்தான்; அவர்கட்குப் பிறந்தவனே புகழ்பெற்ற முதலாம் பராக்கிரமபாகு. ஸ்ரீவல்லபன், விஜயபாகுவின் பேர்த்தியாகிய சுகலா தேவியாரை மணந்தான். அவர்களுடைய மக்கள் இருவர். மகன், பெரிய தந்தையின் பெயரையே தாங்கிய மானாபரணன். மகள், நம் வரலாற்றின் தலைவியாகிய லீலாவதி.

லீலாவதியார் பின்னர்ப் பராக்கிரமபாகுவின் தேவியரானார். இருவருடைய தந்தையரும் உடன்பிறந்தவர்கள். நம் தமிழ் வழக்கில் இவர்கள் அண்ணன் தங்கை முறையினர். நம்மிடையே இத்தகைய மணத்தை எவரும் ஒப்பார். ஆயின் அரச குலங்களுக்கு வேறு கணக்கு உண்டு. அரசுரிமை குலத்தை விட்டு வெளியே சென்றுவிடலாகாது என்பதே அக்கணக்கு. குலக்கொடியாகிய பெண் வேறிடம் சென்றால் அவளோடு உரிமையும் சென்றுவிடும். அவளுக்குப் பிறக்கும் மகன் நாளை அரியணைக்குப் போட்டியிடுவான். ஆதலின் அவளைக் குலத்துக்குள்ளேயே நிறுத்தினர்.

தாயும் கணவனும்

பராக்கிரமபாகு 1153இல் பொலன்னறுவையில் முடிசூடுமுன் பல்லாண்டுகள் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அப்போரில் அவன் எதிர்த்து நின்ற இருவருள் ஒருவன் இரண்டாம் கஜபாகு. மற்றவன் தென்னிலமாகிய ரோகணத்தை ஆண்ட மானாபரணன், அதாவது லீலாவதியாரின் உடன்பிறந்தான். மானாபரணன் தோற்று மறைந்த பின்னும் ரோகணம் பணியவில்லை. அந்நாட்டு மக்கள் அவன் தாயாராகிய சுகலா தேவியாரைத் தலைவியாகக் கொண்டு எதிர்த்துப் போராடினர்.

சுகலா தேவியாரின் வலிமை படையில் மட்டும் இருக்கவில்லை. பகவன் புத்தரின் தந்ததாதுவும் பிக்ஷாபாத்திரமும் அவர் வசம் இருந்தன. அவ்விரண்டையும் உடையவரே ஈழத்துக்கு உரிய அரசர் என்பது அக்காலத்து மக்களின் துணிபு. ஆகவே அவை கடல் கடந்து போய்விடாமற் கைப்பற்ற வேண்டுமெனப் பராக்கிரமபாகு தன் தளபதியரை ஏவினான். நெடும்போருக்குப் பின் புனிதப் பொருள்கள் பொலன்னறுவைக்கு வந்தன. சுகலா தேவியார் சிறைப்பட்டார்.

உடன்பிறந்தானும் ஈன்ற தாயும் ஒருபுறம், கணவன் மறுபுறம் என நின்ற அப்போரை நினைக்குந்தோறும் லீலாவதியாரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நாம் எண்ணாமல் இருக்க இயலவில்லை. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே சண்டை மூண்டால் தெருவார் நால்வர் வந்து நடுநிலை கூறுவர். அரச குலத்துப் பெண்ணுக்கு அவ்வாறு நடுவராக வந்து நிற்பவர் எவர்?

பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆண்டான். பராக்கிரம சமுத்திரம் என்னும் பேரேரியைப் பெருக்கி அமைத்தவன் அவனே. 1165ஆம் ஆண்டளவில் பிக்கு சங்கத்திலிருந்த பிளவுகளைக் களைந்து ஒற்றுமையை நிலைநாட்டியவனும் அவனே. அவனுடைய மற்றொரு தேவியாகிய ரூபவதியாரின் பக்தியையும் அறிவையும் ஆடல் பாடற் புலமையையும் சூளவம்சம் விரிவாகப் புகழ்கின்றது. அரசனின் பெருமைக்கு அணி செய்வதும், விகாரைக்கும் சங்கத்துக்கும் தானம் வழங்குவதும், பட்டத்துக்குரிய மைந்தனைப் பெற்றுத் தருவதுமே அரசியின் கடமைகளாகக் கருதப்பட்டன.

இந்நிலை ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. சோழ நாட்டில் கண்டராதித்தரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார், கணவர் மறைந்த பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அடுத்தடுத்து வந்த மன்னர்களின் ஆட்சியில் கற்றளிகளை எடுப்பித்தும் பொன்னும் நிலமும் வழங்கியும் வாழ்ந்தார். தம் பொருளைத் தாமே அறத்துக்கு வழங்கும் உரிமை அரசியர்க்கு இருந்தது என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. கொடுக்கும் கை அவர்களுடையதாக இருந்தது. ஆளும் கோல் பிறரிடம் இருந்தது.

பிறப்பே அளவுகோல்

பராக்கிரமபாகு ஆண்மகவு இன்றி 1186இல் இறந்தான். அன்று முதல் 1215 வரை இருபத்தொன்பது ஆண்டுகளில் பொலன்னறுவையின் அரியணையில் பதின்மூவர் அமர்ந்தனர். அவன் சகோதரியின் மகனாகிய இரண்டாம் விஜயபாகு ஓராண்டு ஆண்டு கொலையுண்டான். கொன்றவன் ஐந்து நாள் ஆண்டான். அவனைக் கொன்ற கலிங்க நாட்டு நிச்சங்கமல்லன் 1187 முதல் 1196 வரை ஆண்டான். நிச்சங்கமல்லனின் மகன் ஓரிரவும், தம்பி மூன்று திங்களும், மருகனாகிய சோடகங்கன் ஒன்பது திங்களும் ஆண்டனர்.

இவர்களுள் நிச்சங்கமல்லனைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அவன் கல்லில் எழுதிவைத்த கட்டளைகள் பல. ஈழத்து அரியணை கலிங்க குலத்துக்கே உரியது. பௌத்தரல்லாத சோழரும் கேரளரும் அதனை அடைதலாகாது. கொவி எனப்படும் உழுகுடியினர் அரசுரிமையை விரும்பவும் கூடாது என்பன அவற்றுள் சில. அரசன் இல்லாதபோது யாரை அரசராக்குவது என்பதற்கும் அவன் ஒரு வரிசையை வகுத்தான். முதலில் யுவராசன், அவன் இன்றேல் அரசகுமாரருள் ஒருவன், அவர்களும் இன்றேல் தேவியருள் ஒருவர்.

இவ்விரு விதிகளையும் நாம் ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும். உழுது உணவளிக்கும் குடியானவனுக்கு அரியணையின் வாயில் முற்றிலும் அடைக்கப்பட்டது. அரசகுலத்துப் பெண்ணுக்கோ ஆடவர் எல்லாரும் தீர்ந்த பின்னரே அது திறந்தது. இருவரையும் அளந்த கோல் ஒன்றே. அக்கோல் அறிவை அளக்கவில்லை, ஒழுக்கத்தை அளக்கவில்லை, பிறப்பையே அளந்தது. பௌத்த நாட்டு மன்னன் ஒருவனே இவ்வாறு எழுதிவைத்தான் என்பது நாம் மறைக்க வேண்டிய செய்தியன்று, கற்க வேண்டிய பாடம். பகவன் ஒருவரைச் செயலால் அளக்கச் சொன்னார். பகவனை வணங்கிய மன்னர் பலரும் அரசுரிமை என்று வந்தபொழுது பகவனின் சொல்லை ஒதுக்கி வைத்தனர்.

முதன்முறை

1197இல் கீர்த்தி என்னும் வலிமைமிக்க தளபதி சோடகங்கனின் கண்களைப் பறித்து அவனை அரியணையினின்று தள்ளினான். ஆயினும் கீர்த்தி தானே முடிசூடிக் கொள்ளவில்லை. படை அவனிடம் இருந்தது. அரசகுலப் பிறப்பு இல்லை. மக்களும் சங்கமும் ஏற்கும் பெயர் ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. பராக்கிரமபாகுவின் தேவியாராகிய லீலாவதியாரின் பெயரை விடச் சிறந்தது வேறு எது? அவர் விஜயபாகுவின் மரபினர், பாண்டியர் பேர்த்தியார், ஏரி கட்டி நாட்டை வாழ்வித்த மாமன்னனின் கைம்பெண். கலிங்கக் கட்சிக்கு எதிராக நின்றோர் அனைவரும் ஒன்றுகூடத் தக்க நிழல் அவரே.

கணவனை இழந்து பதினோராண்டுகள் சென்ற பின் லீலாவதியார் முடிசூடினார். ஈழத்தில் பெண் அரசாண்டது அதுவே முதன்முறையன்று. கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டிலேயே அனுராதபுரத்தில் அனுலா என்னும் அரசி ஆண்டதுண்டு. ஆயின் பன்னூறு ஆண்டுகளாக அத்தகைய நிகழ்ச்சி அரிதாகிவிட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் ஆட்சி இடையூறின்றி நடைபெற்றது என்பது சூளவம்சத்தின் கூற்று. ஒன்றன்பின் ஒன்றாகக் கொலைகளை அடுக்கிச் சொல்லிவரும் அவ்வேட்டில் இடையூறின்மை என்பது சிறு புகழன்று. அம்மூன்று ஆண்டுகளிலும் உழவன் தன் விளைவைத் தானே அறுத்துண்டிருப்பான்.

1200இல் கலிங்கக் கட்சி மீண்டும் தலையெடுத்தது. நிச்சங்கமல்லனின் உடன்பிறந்தானாகிய சாகசமல்லன் அரசனானான். லீலாவதியார் இறக்கப்பட்டார்.

எதிர்க்கட்சியின் அரசி

இவ்விடத்தில் மற்றோர் அரசியாரையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1202இல் சாகசமல்லனை நீக்கிய ஆயஸ்மந்தன் என்னும் தளபதி, நிச்சங்கமல்லனின் கைம்பெண்ணாகிய கல்யாணவதியாரை அரியணையில் அமர்த்தினான். ஒரு கட்சி தன் மன்னனின் கைம்பெண்ணை உயர்த்தியது. மறு கட்சியும் தன் மன்னனின் கைம்பெண்ணை உயர்த்தியது. இரு பெண்மணிகளும் இரு கட்சிகளின் முத்திரை மோதிரங்கள் போலாயினர். மோதிரம் அழகியதே; பத்திரத்தில் அதனை அழுத்தும் கை வேறொருவனுடையது.

கல்யாணவதியார் 1208 வரை ஆறாண்டுகள் அரசியாக இருந்து விகாரை எடுப்பித்துத் தானங்கள் செய்தார். அவர் பெயரால் ஆண்ட ஆயஸ்மந்தனோ, ஒன்றோடொன்று கலந்துபோயிருந்த நால் வருணங்களையும் மீண்டும் பிரித்து நிறுத்தினான் என்று சூளவம்சம் அவனைப் போற்றுகின்றது. நம் அன்பர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். அரியணையில் பெண் அமர்ந்திருந்தாள். அவள் பெயரால் எளியோர்மீது வருண விலங்கு மீண்டும் பூட்டப்பட்டது. ஒடுக்கப்பட்ட ஒருவரை உயர்ந்த இருக்கையில் அமர்த்துவதால் மட்டும் ஒடுக்குமுறை ஒழிந்துவிடாது. அவ்விருக்கையின் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதே வினா.

ஆயஸ்மந்தன் அடுத்து மூன்று மாதக் குழந்தை தர்மாசோகனை அரசனாக்கினான். பெண்ணையும் குழந்தையையும் அரியணையில் வைத்து ஆள்வது தளபதியர்க்கு எளிதாக இருந்தது. 1209இல் சோழநாட்டிலிருந்து படையுடன் வந்த அனிகங்கன் அக்குழந்தையையும் ஆயஸ்மந்தனையும் கொன்றான். பதினேழு நாளில் அவனும் கொல்லப்பட்டான்.

மீண்டும் இருமுறை

அனிகங்கனைக் கொன்ற விக்கந்தசமூநக்கன் என்னும் தளபதி மறுபடியும் லீலாவதியாரையே நாடினான். 1209இல் தேவியார் இரண்டாம் முறை அரசியானார். ஆட்சி ஓராண்டே நிலைத்தது. 1210இல் லோகேஸ்வரன் என்பான் கடலுக்கு அப்பாலிருந்து பெரும் தமிழ்ப் படையுடன் வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றி ஒன்பது திங்கள் ஆண்டான். அவனை வென்றவன் காளநகரக் குடியினனாகிய பராக்கிரமன் என்னும் தளபதி. 1211இல் அவன் லீலாவதியாரை மூன்றாம் முறை முடிசூட்டினான். ஏழு திங்கள் சென்றன. பாண்டிய நாட்டிலிருந்து பராக்கிரம பாண்டியன் படையுடன் வந்திறங்கி, அரசியாரையும் தளபதியையும் அகற்றித் தானே 1212 முதல் 1215 வரை ஆண்டான். பாண்டிய குலத்துப் பேர்த்தி என்பதால் உயர்த்தப்பட்டவர் இறுதியில் பாண்டியனாலேயே வீழ்த்தப்பட்டார். அத்துடன் வமிச நூல் லீலாவதியாரின் கதையை நிறுத்திக்கொள்கிறது. மூன்று ஆட்சிகளையும் கூட்டினால் நான்கு ஆண்டுகளும் ஏழு திங்களும் ஆகும்.

அதன்பின் வந்தது கொடுங்காலம். 1215இல் கலிங்கத்து மாகன் கேரளப் படையுடன் வந்து பராக்கிரம பாண்டியனின் கண்களைப் பறித்து இருபத்தொரு ஆண்டுகள் ஆண்டான். விகாரைகள் அழிந்தன, ஏடுகள் சிதறின, தலைநகர் தெற்கே தம்பதெனியாவுக்குப் பெயர்ந்தது. லீலாவதியாரின் குறுகிய ஆட்சிகளைப் பொலன்னறுவையின் மாலைக்காலத்து ஒளி எனலாம்.

எஞ்சி நின்றவை

அவர் பெயரால் எஞ்சியவை மூன்று. முதலாவது ஒரு கல்வெட்டு. அனுராதபுரத்தில் கிடைத்த அவர் காலத்துக் கற்பலகை அந்நகரில் அமைந்த அறச்சாலை ஒன்றைக் குறிக்கின்றது. தலைநகரில் வாளோசை ஓயாத நாட்களிலும் பழைய புனித நகரில் வழிப்போக்கர்க்கும் எளியோர்க்கும் சோறு வழங்க ஏற்பாடு இருந்தது.

இரண்டாவது அவருடைய செப்புக் காசு. முதலாம் ராஜராஜ சோழன் காலத்திலிருந்து ஈழத்தில் வழங்கிவந்த அமைப்பே அதற்கும் உரியது. ஒருபுறம் நின்ற கோலத்தில் ஒரு மனித உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும். அப்பெயர் ஸ்ரீ ராஜ லீலாவதி என்பது. ராணி அன்று, தேவி அன்று, ராஜ என்னும் ஆண்பாற் பட்டமே அதில் உள்ளது. ஆளும் அரசிக்கெனத் தனிச்சொல் ஒன்று அக்காசில் இடம்பெறவில்லை. இதனை ஈழத்து விந்தை என்று தள்ளிவிட வேண்டா. அவர் காலத்திலேயே ஜார்ஜியா நாட்டை 1184 முதல் 1213 வரை ஆண்ட தாமார் அரசியாரும் அரசன் என்னும் பட்டத்தாலேயே வழங்கப்பட்டார். பின்னர்க் காகதீய நாட்டை ஆண்ட ருத்ரமாதேவியார் ருத்ரதேவர் என்னும் ஆண்பெயர் பூண்டார். 1236இல் தில்லியில் அரியணை ஏறிய ரசியா சுல்தானாவைப் பிரபுக்கள் நான்கே ஆண்டுகளில் வீழ்த்தினர். பெண் ஆளலாம், ஆனால் பெண்ணாக இருந்து ஆளலாகாது என்பதே அந்நாளைய உலக வழக்கு போலும்!

மூன்றாவது ஒரு நூல். தேவியாரின் மூன்றாம் ஆட்சியின்போது, அவரை முடிசூட்டிய தளபதி பராக்கிரமனின் வேண்டுகோளுக்கிணங்கத் தம்மகீர்த்தி தேரர் பாலி மொழியில் தாடாவம்சம் என்னும் காவியத்தை இயற்றினார். பகவனின் தந்ததாது கலிங்கத்திலிருந்து ஈழத்துக்கு வந்த வரலாற்றை அது கூறுகின்றது. பகைவர் சூழ்ந்தபோது தந்தையின் கட்டளைப்படி அப்புனிதப் பொருளைத் தன் கூந்தலுக்குள் மறைத்துக் கணவனுடன் கடல் கடந்து கொண்டுசேர்த்தவள் ஹேமமாலா என்னும் இளவரசி. தந்ததாதுவைக் காத்துப் போராடிய சுகலா தேவியாரின் மகள் அரியணையில் இருந்த நாளில் இந்நூல் தோன்றியது பொருத்தமே. மன்னர் பலர் கட்டிய மாளிகைகள் இன்று செங்கற் குவியல்கள். அந்நூலை இன்றும் பௌத்த நாடுகளில் ஓதுகின்றனர்.

தமிழரும் தந்ததாதுவும்

இவ்வரலாற்றில் தமிழ்ப் படையினர் பகைவராக வருவதைக் கண்டு நம்மவர் சிலர் மனம் வருந்தலாம். வருந்த வேண்டுவதில்லை. அப்படைகளை நடத்தியது அரச ஆசை. மொழியும் அன்று, தர்மமும் அன்று. கலிங்கனும் பாண்டியனும் சிங்களத் தளபதியும் ஒரே அரியணைக்காக ஒரே வகைக் கொடுமைகளைச் செய்தனர். அதே பொலன்னறுவையில் தமிழிற் பொறித்த கல்வெட்டொன்று இன்றும் நிற்கின்றது. முதலாம் விஜயபாகு காலத்தில் எழுந்த தந்ததாதுக் கோயிலைத் தம் உயிர் கொடுத்தும் காப்போம் என வேளைக்காரர் என்னும் படையினர் உறுதி பூண்ட செய்தி அதில் உள்ளது. அக்காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை நின்றது. சோழநாட்டுத் தேரர்கள் பாலியில் உரைநூல்கள் எழுதினர். லீலாவதியாரின் குருதியிலேயே பாண்டியமும் ஈழமும் கலந்திருந்தன. நம் முன்னோர் அவ்வரலாற்றின் வாயிலில் நின்ற அந்நியர் அல்லர்; உள்ளிருந்தோர்.

நாம் கொள்ளவேண்டுவது

லீலாவதியாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டுவது யாது? அவருக்கு மூன்று தளபதியர் முடி சூட்டினர். அவருடைய பிறப்பையும் கைம்மையையும் நற்பெயரையும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். தாய் நாடாண்டபோது தாய்க்கு உரிமை இல்லை என்றனர். மகளின் பெயர் தேவைப்பட்டபோது மகளுக்கு உரிமை உண்டு என்றனர். பிறப்பினால் வரும் மதிப்பு பிறர் கொடுப்பது. ஆகவே பிறர் எடுத்துக்கொள்ளவும் கூடியது. மூன்று முறை கொடுத்து மூன்று முறை எடுத்தனர்.

கோசல மன்னன் பசேனதி, தன் தேவி மல்லிகையார்க்குப் பெண்மகவு பிறந்தது கேட்டு முகம் வாடினான். அப்பொழுது பகவன், அறிவும் ஒழுக்கமும் உடைய பெண் ஆண்மகனினும் சிறந்து விளங்கக் கூடும் என்று அவனுக்கு உணர்த்தினார். அரசகுலப் பிறப்பைச் சுட்டாமல் அறிவையும் ஒழுக்கத்தையும் பகவன் முன்வைத்தது குறிக்கத்தக்கது. அந்த அளவுகோலைச் சட்டத்தின் வடிவில் நம் நாட்டுக்குத் தந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு பால் பற்றியும் சாதி பற்றியும் அரசு வேற்றுமை காட்டுதலை விலக்கியது. பெண்களுக்குச் சொத்திலும் மணவாழ்விலும் உரிமை வழங்கும் சட்டத் தொகுப்பு தடைப்பட்டபோது, 1951இல் அவர் அமைச்சர் பதவியையே துறந்தார். அரியணையில் ஒரு பெண்ணை அமர்த்துவதினும் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் உரிமையை நிலைநாட்டுவதே அவர் நோக்கமாக இருந்தது.

லீலாவதியார் இறங்கி ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின், 1960இல் அதே ஈழத் தீவில் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். அவரும் கணவரைக் கொலைக்குப் பறிகொடுத்தவரே; கணவரின் பெயரே அவரை முதலில் மேடையேற்றியது. ஆயினும் அவரை ஏற்றியது தளபதியின் வாளன்று, மக்களின் வாக்கு. 1965இல் அவரை இறக்கியதும் அவ்வாக்கே. இரு காலத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நம் திலக் நகர் இல்லங்களிலும் இதனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாயை இல்லத்தரசி என்று அழைத்துவிட்டு, வரவு செலவையும் மக்களின் படிப்பையும் மகளின் மணத்தையும் அவளைக் கேளாமல் முடிவு செய்வோமாயின், நாமும் அவளுக்கு முடியைச் சூட்டிக் கோலை நம் கையிலேயே வைத்துக்கொண்டவர்களாவோம். சங்கக் கூட்டங்களில் பெண்மணிகளை முன்வரிசையில் அமர்த்துவதோடு நில்லாமல், கணக்கையும் முடிவையும் அவர்களிடம் ஒப்படைப்பதே உண்மையான மதிப்பாகும். அவ்வாறு நடப்பதே, மும்முறை முடிசூடியும் ஒருமுறையேனும் தம் விருப்பின்படி ஆள விடப்படாத லீலாவதி தேவியாருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.